எடுப்பதும் கொடுப்பதும்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை முன்வைத்து ஒரு பதில்

கோவையில் நண்பர்கள் மூவர் சேர்ந்து, சிறு கடைகளுக்கான பில்லிங் மற்றும் சரக்கிருப்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கவிருப்பதாகவும், அதன் அடித்தளம் முழுவதும் லினக்ஸ், பைத்தான், போஸ்ட்கிரெஸ் போன்ற திறமூல மென்பொருள்களாகவே (மூலநிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடியவை) இருக்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதையொட்டி இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். பிறர் உழைப்பை ஒரு பைசா கொடுக்காமல் எடுத்துத் தொழில் நடத்துவது முறைதானா? பதிலுக்கு நாங்கள் நேரமோ பணமோ கொடுத்தால், அதைத் தருமக் கணக்கில் எழுதுவதா, தொழில் கணக்கில் எழுதுவதா?

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. உரிமத்தின் விதிகளை மதித்துப் பயன்படுத்துவதில் தவறு எதுவும் இல்லை. எழுதியவர்கள் அதற்காகவே அந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. இரண்டாவது கேள்விதான் விரிவாகப் பேச வேண்டியது. அதைத் தொழில் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பொதுப்படையாகச் சொன்னால் இது நம்பும்படி இருக்காது. ஆகையால் நீங்கள் பயன்படுத்தப்போகும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையே எடுத்துக்கொண்டு, அதில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று பார்க்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் 1986இல், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கியது. அதிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று, ஸ்டோன்பிரேக்கரே தொடங்கிய இல்லஸ்ட்ரா என்ற நிறுவனம். அது மூடிய மென்பொருளாக விற்று, பிறகு இன்ஃபார்மிக்ஸ் நிறுவனத்திடம் போனது. இன்ஃபார்மிக்ஸின் தரவுத்தளத் தொழிலை 2001இல் ஐபிஎம் வாங்கிக்கொண்டது. மற்றொன்று, பல்கலைக்கழகம் நிறுத்திவிட்ட நிரலை 1994இல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு மாணவர்கள் கையிலெடுத்து, தரவைக் கேட்டுப் பெறுவதற்கான எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்து வெளியிட்ட வழி. 1996இல் அது போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற பெயரைப் பெற்றபோது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே அதன் மேம்பாட்டுக்கு முதல் சர்வரைக் கொடுத்த மார்க் ஃபோர்னியர், இணையச் சேவைத் தொழில் நடத்திவந்தவர். தன்னார்வலர்களின் படைப்பு என்று நாம் பெருமையோடு சொல்லும் இந்த மென்பொருளுக்கு முதலில் இடம் கொடுத்ததே ஒரு சிறு நிறுவனம்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நடந்தது எனக்கு மிக முக்கியமாகப்படுகிறது. 2000இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், போஸ்ட்கிரெஸுக்கு ஆதரவுச் சேவை விற்பதற்கென்றே கிரேட் பிரிட்ஜ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, முக்கியப் பங்களிப்பாளர்கள் சிலரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. தொழில் ஓடவில்லை, 2001இலேயே மூடிவிட்டார்கள். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால், நிறுவனத்தோடு நிரலும் ஏதோ ஒரு வழக்கறிஞரின் அலமாரிக்குள் போயிருக்கும். இங்கே அப்படி நடக்கவில்லை. அங்கு வேலை செய்த டாம் லேன் என்ற பங்களிப்பாளர் ரெட் ஹாட் நிறுவனத்துக்குப் போனார், 2013இல் சேல்ஸ்ஃபோர்ஸுக்கு, 2015இல் கிரஞ்சி டேட்டாவுக்குப் போனார். சம்பளம் கொடுத்தவர்கள் மாறிக்கொண்டே இருக்க, அவர் செய்த வேலை முழுவதும் ஒரே நிரல்தொகுப்பில் சேர்ந்துகொண்டே வந்தது. கிரேட் பிரிட்ஜின் முதலீட்டாளர்கள் பணத்தை இழந்தது உண்மை. ஆனால் அவர்கள் கொடுத்த சம்பளத்தில் நடந்த வேலை அவர்களோடு போகவில்லை.

இனி, தொழில்முனைவோர், இந்த மென்பொருள்களை உருவாக்கும் திறமூலச் சமூகத்துக்குக் கொடுப்பது என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். பலரும் பணம் என்பார்கள், சிலர் நிரல் என்பார்கள். நான் வேறொன்றைச் சொல்வேன்: சலிப்பூட்டும் வேலையை விடாமல் செய்வதற்கான ஆள்பலம். மனத்துக்குப் பிடித்த புதிய வசதியை எழுத வார இறுதியில் உட்காருவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வெளியான பதிப்பில் ஒரு வழுவைத் திருத்த யார் வருவார்? போஸ்ட்கிரெஸ் ஆண்டுதோறும் ஒரு பெரிய பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஐந்து ஆண்டுகள் பராமரிக்கிறது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது திருத்தங்கள் வருகின்றன. ஒரு பாதுகாப்புக் குறை தெரிந்தால், ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட ஐந்து பழைய பதிப்புகளிலும் அதைத் திருத்தி, பலவகைக் கணினிகளில் சோதித்து, ஒரே நாளில் வெளியிட வேண்டும். இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர் அரிது. ஏதோ ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளரான வங்கி இன்னும் பழைய பதிப்பில் இருப்பதால், அதற்காக வாங்கும் கட்டணத்திலிருந்து இந்த வேலைக்குச் சம்பளம் போகிறது. அந்தத் திருத்தம் பொதுவில் வருவதால், உங்கள் மளிகைக்கடை வாடிக்கையாளரின் கணக்கும் அதே நாளில் பாதுகாப்பாகிறது.

ஒரு சர்வர் நின்றுபோனால் மற்றொன்று உடனே பொறுப்பேற்கும் வசதியும் இப்படித்தான் வந்தது. சைமன் ரிக்ஸ் இங்கிலாந்தில் 2001இல் செகண்ட்குவாட்ரன்ட் என்ற ஆலோசனை நிறுவனத்தைத் தொடங்கினார். கடந்த காலத்தின் ஒரு குறிப்பிட்ட நொடிக்குத் தரவை மீட்டெடுக்கும் வசதியை அவர் எழுத, அது 2005இல் 8.0 பதிப்பில் வந்தது. துணைச் சர்வரில் தரவைப் படிக்கும் வசதியும் அவரிடமிருந்தே 2010இல் 9.0 பதிப்பில் வந்தது. அதே 9.0 பதிப்பில், மாற்றங்களை உடனுக்குடன் துணைச் சர்வருக்கு அனுப்பும் வசதியை எழுதியவர் ஜப்பானின் என்டிடி நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜி மசாவோ. ஒன்று ஆலோசனை விற்கும் சிறு நிறுவனம், மற்றொன்று மாபெரும் தொலைத்தொடர்பு நிறுவனம். இரண்டுக்கும் தேவை ஒன்றாக இருந்தது, இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்தன. எந்த ஒப்பந்தத்தின் மூலமும் இந்த இருவரையும் இவ்வளவு எளிதாக ஒரே மேசையில் உட்கார வைத்திருக்க முடியாது.

சமூகம் தொழில்முனைவோருக்குக் கொடுப்பதில் விலையின்மை ஆகச் சிறிய பங்கு என்பது என் கணிப்பு. உங்கள் நிலையில் இருந்து பாருங்கள். ஒரு கடைக்காரர், "தம்பி, நீங்க மூணு பேர்தான் இருக்கீங்க. நாளைக்கு நீங்க கடையைச் சாத்திட்டா என் கணக்கெல்லாம் என்ன ஆகும்?" என்று கட்டாயம் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான் அது. "உங்கள் தரவு, எந்தப் பொறியாளரும் திறந்து படிக்கக்கூடிய தரவுத்தளத்தில் இருக்கிறது, அதன் கடவுச்சொல்லும் காப்புநகலும் உங்களிடமே இருக்கும்" என்று நீங்கள் அவரிடம் நேர்மையாகச் சொல்ல முடியும். மூவர் மட்டுமே உள்ள நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய விற்பனைக் கருவி கிடையாது. பல்லாண்டுகளாகச் சேர்ந்த நம்பிக்கையை முதல் நாளிலேயே கடனாகப் பெற்றுக்கொள்கிறீர்கள். பெரிய நிறுவனங்களும் இதை அறிந்தே செய்கின்றன. சென்னையிலிருந்து உலகெங்கும் விற்கப்படும் மேனேஜ்என்ஜின் மென்பொருள்கள் பலவற்றோடு போஸ்ட்கிரெஸ் சேர்ந்தே வருகிறது.

இன்னொன்று, சந்தை ஒருபோதும் உங்களுக்குச் செய்து தராத வேலைகள். 2019இல் வந்த 12ஆம் பதிப்பில், சொற்களின் விகுதிகளை நீக்கி அடிச்சொல்லைத் தேடும் வசதி தமிழுக்கும் வந்தது. அரபு, இந்தோனேசியம், ஐரிஷ், லித்துவேனியம், நேபாளி ஆகிய மொழிகளோடு தமிழும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஸ்னோபால் என்ற தனித் திறமூலத் திட்டத்தில் உருவான அந்தத் தமிழ் விதிகளைப் போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொண்டது. லாபக் கணக்குப் பார்க்கும் எந்தத் தரவுத்தள நிறுவனமும் தமிழ் விகுதிகளுக்காக ஒரு பொறியாளரை ஒதுக்கியிருக்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். யாரோ மொழியின் மீதுள்ள பற்றினால் செய்த வேலை, உங்கள் பில்லிங் மென்பொருளில் ஒரு தேடல் பெட்டியாக மாறப்போகிறது.

எடுத்ததைத் தனக்கென்று மாற்றி வைத்துக்கொள்ளும் ஆசையைப் பற்றி எச்சரிக்க வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், எங்கள் தேவைக்காகப் போஸ்ட்கிரெஸில் சில நூறு வரிகளை மாற்றி, போட்டியாளருக்குத் தெரியக்கூடாது என்று பூட்டி வைத்தார்கள். முதல் ஆண்டில் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அந்த மாற்றங்களைப் பொருத்தி, உடைந்ததைச் சரிசெய்ய இரண்டு பொறியாளர்களுக்கு வாரக்கணக்கில் ஆனது. மூன்றாவது முறை மேம்படுத்தலைத் தள்ளிப்போட்டார்கள்; பிறகு பராமரிப்புக் காலம் முடிந்த பதிப்பிலேயே தங்கிவிட்டார்கள். அந்த மாற்றத்தைச் சமூகத்திடம் கொடுத்திருந்தால் அதைக் காக்கும் வேலை எல்லோருக்கும் பொதுவாகியிருக்கும் என்று அப்போதே எழுத்தில் சொன்னேன். ரகசியம் என்ற சொல்லுக்கு முன் அது எடுபடவில்லை.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸிலிருந்து பிரிந்து வளர்ந்த கிரீன்ப்ளம், நல்ல பொறியாளர்களைக் கொண்ட தரமான தரவுத்தளம். ஆனால் மூலத்திலிருந்து வெகுதூரம் விலகிவிட்டதால், 2017இல் அதனால் 8.3ஐத்தான் எட்ட முடிந்தது, 2019இல் 9.4ஐ எட்டியபோது, அதே ஆண்டில் போஸ்ட்கிரெஸ் 12ஆம் பதிப்பை வெளியிட்டது. இதற்கு நேரெதிரான பாதையைச் சைட்டஸ் டேட்டா தேர்ந்தெடுத்தது. அவர்களும் தொடக்கத்தில் தனிக் கிளையாகத்தான் இருந்தார்கள். 2016இல் தங்கள் மென்பொருளைப் போஸ்ட்கிரெஸின் மேல் பொருந்தும் நீட்சியாக மாற்றியமைத்துத் திறமூலமாக வெளியிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு புதிய பதிப்பின் பயனும் அவர்களுக்கு அதிகச் சிரமமின்றிக் கிடைத்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது.

உங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்குப் பொருத்தமான முன்மாதிரி போஸ்ட்ஜிஐஎஸ் என்று நினைக்கிறேன். கனடாவின் விக்டோரியா நகரில் இருந்த ரிஃப்ராக்‌ஷன்ஸ் ரிசர்ச் என்ற ஆலோசனை நிறுவனம், நிலவரைபடப் பணிகளைச் செய்துவந்தது. வரைபடத் தரவைத் தரவுத்தளத்துக்குள்ளேயே சேமிக்க ஒரு வழி தேவைப்பட்டதால் தாங்களே எழுதி, 2001இல் திறமூலமாக வெளியிட்டார்கள். மென்பொருளை விற்பது அவர்கள் தொழிலாக இருக்கவில்லை, வரைபட அறிவை விற்பதே தொழில். ஆகவே கருவியைக் கொடுத்ததால் அவர்களுக்கு இழப்பில்லை. பிரான்சின் தேசிய நில அளவை நிறுவனம் உட்பட உலகின் பெரிய வரைபட அமைப்புகள் பல இன்று அதைப் பயன்படுத்துகின்றன. ஸ்கைப் நிறுவனத்தின் கதையும் இதே வகை. கோடிக்கணக்கான பயனர்கள் வந்தபோது தரவுத்தள இணைப்புகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போனதால், நடுவில் நின்று இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் பிஜிபவுன்சர் என்ற சிறு கருவியை எழுதி, 2007இல் வெளியிட்டார்கள். 2025 மே மாதத்தில் ஸ்கைப் சேவையே நிறுத்தப்பட்டுவிட்டது. பிஜிபவுன்சர் இன்றும் பராமரிக்கப்படுகிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் சில நூறைத் தாண்டும்போது நீங்களும் அதை நிறுவுவீர்கள்.

எல்லா இடத்திலும் இந்த உறவு நல்லபடியாகவே இருக்கிறது என்று சொன்னால் அது உண்மையாகாது. ஒரே நிறுவனத்தின் கையில் மொத்த உரிமையும் இருக்கும்போது, அந்த நிறுவனம் மனம் மாறினால் சமூகம் என்ன செய்யும் என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டே இருக்கும். மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு திறமூலத் தரவுத்தளம் 2008இல் 100 கோடி டாலருக்குச் சன் நிறுவனத்திடம் போனது; 2010இல் சன் நிறுவனமே ஆரக்கிளிடம் போனது. தரவுத்தளச் சந்தையின் மிகப்பெரிய மூடிய நிறுவனமே புதிய உரிமையாளராக வரவிருந்ததைக் கண்டு, மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் மரியாடிபி என்ற தனிக் கிளையைத் தொடங்கியிருந்தார். தேடல் மென்பொருள் நிறுவனமான எலாஸ்டிக் 2021இலும், தரவுச் சேமிப்பு மென்பொருள் நிறுவனமான ரெடிஸ் 2024இலும் உரிமத்தை இறுக்கின. பெரிய மேகக்கணி நிறுவனங்கள் எடுத்து விற்றுச் சம்பாதிக்கின்றன, திருப்பித் தருவதில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த மனக்குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் நம்பிப் பங்களித்தவர்களுக்கு ஏற்பட்ட மனக்குறையிலும் அதே அளவு நியாயம் இருந்ததால், ஓப்பன்சர்ச், வால்கீ என்ற கிளைகள் பிறந்து வேரூன்றின. பின்னர் எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் மீண்டும் ஒரு திறமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டன. பிரிந்துபோன பங்களிப்பாளர்கள் எல்லோரும் அதனால் திரும்பிவிடவில்லை.

போஸ்ட்கிரெஸில் இதற்கென்று எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. திட்டத்தை வழிநடத்தும் மையக் குழுவில் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. 2020இல் எண்டர்பிரைஸ்டிபி என்ற போஸ்ட்கிரெஸ் நிறுவனம், செகண்ட்குவாட்ரன்ட் நிறுவனத்தை வாங்கியபோது, ஐவர் கொண்ட குழுவில் மூவர் ஒரே நிறுவனத்தவர் ஆகிவிட்டார்கள். யாரையும் வெளியேற்றாமல், வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இருவரைச் சேர்த்துக் குழுவை ஏழு பேராக்கினார்கள். போட்டியாளர்கள் ஒரே நிரலில் அச்சமின்றி முதலீடு செய்ய முடிவது இந்த எளிய வழக்கத்தின் பயன்.

அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர், மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரெஸுக்காக வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். 2024 மார்ச்சில் அவர் போஸ்ட்கிரெஸின் வேகத்தை நுணுக்கமாக அளந்துகொண்டிருந்தபோது, சர்வருக்குள் நுழைவது சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். பிறர் பொருட்படுத்தாமல் விட்டிருக்கக்கூடிய அந்தத் தாமதத்தைத் துரத்திப்போனதில், எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் ஒருவர் திட்டமிட்டுப் புதைத்திருந்த பின்கதவு, அதாவது சர்வருக்குள் ரகசியமாக நுழையும் வழி, வெளிப்பட்டது. அந்தக் கருவியை ஏறக்குறைய தனியாகவே பராமரித்துக் களைத்துப்போயிருந்த ஒரு தன்னார்வலரின் நம்பிக்கையை, உதவிக்கு வந்தவர் போல நடித்து, சுமார் இரண்டு ஆண்டுகளில் அந்த ஆள் பெற்றிருந்தார். சம்பளமும் நேரமும் இருந்த ஒருவர் கண்டுபிடித்ததையும், இரண்டும் இல்லாத ஒருவர் வஞ்சிக்கப்பட்டதையும் நான் சேர்த்தே பார்க்கிறேன். 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோதும், இணையத்தின் பெரும்பகுதியைக் காத்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்பதும், முழுநேரமாக ஒரே ஒருவர்தான் அதில் இருந்தார் என்பதும் தெரியவந்தன. அதன்பிறகே பெரிய நிறுவனங்கள் சேர்ந்து நிதி ஒதுக்கின. விபத்துக்கு முன்பே கொடுக்கும் வழக்கம் இப்போது நம் நாட்டிலும் தொடங்கியிருக்கிறது. பெங்களூரின் பங்கு வணிக நிறுவனமான ஜெரோதா, திறமூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் ஃப்ளாஸ் ஃபண்ட் நிதியத்தை 2024இல் அறிவித்தது.

உங்கள் நிறுவனத்துக்கு என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். எதைத் திறப்பது, எதை வைத்துக்கொள்வது என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். திருப்பூர்ப் பனியன் கடைக்கும் உக்கடம் மளிகைக் கடைக்கும் கணக்கு எழுதும் முறையில் உள்ள வேறுபாடு உங்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவும், நேரில் போய்ச் சொல்லிக்கொடுக்கும் சேவையும் உங்கள் சரக்கு. ஜிஎஸ்டி விதிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை எல்லோருக்கும் ஒன்றே, மாறினால் எல்லோருக்கும் ஒரே நாளில் மாறும். மும்பையில் ருஷப் மேத்தா 2008இல் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வந்த ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற தொழில் மேலாண்மை மென்பொருளுக்கு, இந்தியா காம்ப்ளையன்ஸ் என்ற ஜிஎஸ்டி செயலி திறமூலமாகவே கிடைக்கிறது. அதைப் பாருங்கள். ஆனால் எடுப்பதற்கு முன் உரிமத்தைப் படியுங்கள்: அது ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, ஆகையால் அதன் நிரலைச் சேர்த்து உருவாக்கியதைக் கடைக்காரரின் கணினியில் நிறுவிக் கொடுத்தால், மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கும் கடமை உங்களுக்கு வரும். போஸ்ட்கிரெஸின் உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை.

திறந்து கொடுக்க ஏற்றது என்று எனக்குத் தோன்றுவது, பில் அச்சிடும் பகுதி. கடைகளில் உள்ள சிறிய தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. பில்லைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது. தமிழில் பில் போட விரும்பும் ஒவ்வொரு நிறுவனமும் இதைத் தனித்தனியாகத் தீர்த்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு. அதை நீங்கள் தனி நிரல்தொகுப்பாக்கி, போஸ்ட்கிரெஸ் போன்ற தளர்வான உரிமத்தில் வெளியிட்டால், உங்களிடம் இல்லாத பிரிண்டர் வகைகளில் அதைச் சோதித்துச் சொல்லப் பிறர் வருவார்கள். உங்கள் போட்டியாளரும் எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ளட்டும்; அச்சு நன்றாக வருவதற்காக மட்டும் எந்தக் கடைக்காரரும் உங்களை விட்டு அவரிடம் போகப்போவதில்லை.

பணம் கொடுக்கும் நிலை உங்களுக்கு இப்போது இருக்காது, அதற்காக வருந்தவும் வேண்டாம். மூவரில் ஒருவருக்கு மாதம் ஒரு நாளை ஒதுக்குங்கள்; அந்த நாளை வேலைநாளாகவே எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமையைக் கேட்காதீர்கள். அந்த ஒரு நாளில் செய்ய வேண்டிய முதல் வேலையையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன தமிழ்த் தேடல் விதிகளை, உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அனுமதியோடு, அவர் கடையின் பொருள் பெயர்ப் பட்டியலில் ஓட்டிப் பாருங்கள். தமிழின் புணர்ச்சிக்கும் விகுதிக்கும் முன் எந்த எளிய கருவியும் சில இடங்களில் தடுமாறும். "புளி" தேடினால் எது வருகிறது, "புளியை" தேடினால் எது வருகிறது, "உளுத்தம்பருப்பு" என்பதும் "உளுந்து" என்பதும் எப்படி நடந்துகொள்கின்றன என்று குறித்துக்கொண்டு, தவறானவற்றை எதிர்பார்க்கும் விடையோடு சேர்த்து ஸ்னோபால் திட்டத்துக்கு அனுப்புங்கள். சொற்பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது, விதிகளை எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். திருத்தம் ஏற்கப்பட்டு அடுத்தடுத்த பதிப்புகளில் வந்து சேர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். வந்தபின் அதைத் தனியாகப் பராமரிக்கும் வேலை உங்களுக்கு இருக்காது.